பார்த்ததை எழுதுதல்

தைலவர்ணத்தையும் களிமண்ணையும் நாடி ஓவியக் கல்லூரியில் வந்து சேர்ந்த ஓர் இளைஞரிடம், முதலாண்டுப் பாடங்களுக்கு நடுவே, ஒரு திரைப்படத்தைப் பார்த்துவிட்டு அதைப்பற்றி 1,500 சொற்களில் ஆய்வுமுறைப்படி விமரிசனம் எழுதிக்கொண்டு வரும்படி ஆசிரியர் சொல்லுவாரானால், அந்த இளைஞர் திகைத்துப் போவதில் ஆச்சரியம் இல்லை. படம் பார்ப்பது அவருக்குப் புதிய காரியம் அன்று. நடக்கத் தெரிந்த நாள் முதல் பார்த்து வருகிறார். படத்தைப்பற்றிப் பேசுவதும் புதிதன்று. கொட்டகையை விட்டு வெளியே வந்து வண்டியை எடுப்பதற்குள் ஒரு முழு விமரிசனத்தைப் பேசி முடித்துவிடக்கூடிய சாமர்த்தியம் நம் நாட்டில் அநேகமாக எல்லோருக்கும் உண்டு. ஆனால் அந்தப் பேச்சுக்கும் கல்லூரியில் கேட்கிற கட்டுரைக்கும் இடையே உள்ள வித்தியாசம் என்ன, கோடு இழுக்கக் கற்றுக்கொள்ள வந்தவரிடம் எதற்காக இதைக் கேட்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவருக்கு யாரும் நிதானமாக விடை சொல்லுவதில்லை. இரண்டாவது கேள்விக்கு விடை எளிது, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஓவியம் கற்பவர் எழுதவும் கற்கவேண்டும் என்ற ஏற்பாடு பிரிட்டனில் உறுதிப்பட்டது 1960-ஆம் ஆண்டில். ஓவியர் வில்லியம் கோல்ட்ஸ்ட்ரீம் தலைமையில் கூடிய அரசாங்க ஆலோசனைக் குழு, அவ்வாண்டு வெளியிட்ட தன் முதல் அறிக்கையில், கலைக் கல்லூரிப் படிப்பின் மொத்த நேரத்தில் ஏறத்தாழ 15 சதவீதத்தைக் கலை வரலாற்றுக்கும் அதனோடு ஒட்டிய துணைப் பாடங்களுக்கும் ஒதுக்கவேண்டும் என்று சிபாரிசு செய்தது. அந்தத் துணைப் பாடங்களின் வாசல் வழியாகத்தான் சினிமா அந்நாட்டுக் கலைக் கல்லூரிகள் பலவற்றுக்குள் புகுந்தது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கோல்ட்ஸ்ட்ரீமே 1930-களில் ஜான் கிரியர்ஸனுடைய அஞ்சல் துறைத் திரைப்படப் பிரிவில் வேலை பார்த்தவர். அவர் தலைமை வகித்த லண்டன் ஸ்லேட் ஓவியப் பள்ளியில், அதே 1960-இல், தோரல்ட் டிக்கின்ஸன் என்ற இயக்குநர் திரைப்படக் கலையைப் பல்கலைக்கழகப் பாடமாக நடத்தத் தொடங்கினார். இந்தியாவில் புனே திரைப்படக் கல்லூரியில் சதீஷ் பகதூர் என்ற பேராசிரியர், சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை ஷாட் ஷாட்டாகப் பிரித்துக் காட்டி, படம் பார்ப்பது என்பதையே ஒரு பயிற்சியாக ஆக்கினார். நம் ஊர் விஸ்காம் வகுப்புகளிலும் கலைக் கல்லூரிகளிலும் இன்று கேட்கப்படும் திரைப்படக் கட்டுரைகள் இத்தகைய முயற்சிகளின் வழி வந்தவையே.

முதற் கேள்வி சற்றுக் கடினமானது. நமக்குப் பழக்கமான விமரிசனம் பத்திரிகை விமரிசனம். படத்தை இன்னும் பார்க்காதவரை உத்தேசித்து எழுதப்படுவது அது. பணம் கொடுத்துப் பார்க்கலாமா, வேண்டாமா என்பதற்கு வழி சொல்லுவது. ஆகையால் கதையின் முக்கால் பங்கைச் சொல்லி, முடிவை மட்டும் மறைத்து வைப்பது அதற்குத் தர்மம். 'ஆனந்த விகடன்' படங்களுக்கு மதிப்பெண் இட்டு வந்ததும், அந்த எண்ணைப் பற்றி வாசகர்கள் மாதக்கணக்கில் வாதாடியதும் தமிழர் அறிந்த சங்கதிகள். கல்லூரிக் கட்டுரையோ படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டவருக்கு எழுதப்படுவது. வாசிக்கப்போகிற ஆசிரியர் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருப்பார். அவரிடம் கதையைச் சொல்லுவது வீண், முடிவை மறைப்பது பரிகாசத்துக்கு இடம். படம் நன்றாக இருக்கிறதா என்பதும் அங்கே பிரதான விஷயம் அன்று. இந்தப் படம் தன் காரியத்தை எந்த உபாயத்தால் சாதிக்கிறது, அந்த உபாயம் எங்கே கண்ணுக்குத் தெரிகிறது என்பதே அங்கே கேள்வி. அதற்கு மாணவர் தம்முடைய விடை ஒன்றைச் சொல்லி, அதைப் படத்திலிருந்தே நிரூபிக்கவேண்டும்.

அந்த விடை மறுக்கக் கூடியதாக இருப்பது அவசியம். "'பதேர் பாஞ்சாலி' வறுமையைச் சித்திரிக்கும் படம்" என்று எழுதினால் அதை மறுப்பார் யாரும் இல்லை. மறுப்பார் இல்லாத இடத்தில் வாதத்துக்கும் வேலை இல்லை. "இப்படத்தில் வறுமையை உணர்த்துவது வசனம் அன்று, காரை பெயர்ந்த சுவரும், கிழவி இந்திரின் கந்தல் போர்வையும், வாசலை மூடி வளர்ந்த செடியுமே அதை உணர்த்துகின்றன" என்று எழுதினால், அது ஒரு கட்சி, எதிர்க் கட்சி பேச ஒருவர் எழுந்து நிற்கலாம், அவருக்குப் பதில் சொல்லுவதற்காகவே எஞ்சிய பக்கங்கள் இருக்கின்றன.

இவ்வளவும் எந்தத் துறை மாணவருக்கும் பொருந்தும். ஆனால் கலை மாணவருக்கு இதில் ஒரு விசேஷ பாத்தியதை உண்டு என்பதும், அதை அவரும் அவருடைய ஆசிரியர்களும் பெரும்பாலும் உணர்வதில்லை என்பதும் என் அபிப்பிராயம். இலக்கியம் படிப்பவர் திரைப்படத்தைக் கதையாகக் காண்கிறார். சமூகவியல் படிப்பவர் அதைச் சாட்சியாகக் காண்கிறார். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, சட்டத்தின் எந்த மூலை காலியாக விடப்பட்டிருக்கிறது, கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடையே எத்தனை சாம்பல் நிறங்கள் இருக்கின்றன என்று பார்க்கப் பழக்கப்படுத்தப்பட்ட கண் கலை மாணவருக்குத்தான் உண்டு. திரைப்படத்தைப் பற்றிப் பண்டிதர்கள் எழுதிய ஆதி நூல்களிலேயே இதற்கு அத்தாட்சி இருக்கிறது. மத்திய கால ஓவியங்களிலும் மறுமலர்ச்சி ஓவியங்களிலும் நிகரற்ற புலமை வாய்ந்த எர்வின் பனோஃப்ஸ்கி, திரைப்படத்தைக் கல்விமான்கள் ஒரு பொருட்டாக மதிக்காத 1930-களிலேயே அதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நாடக மேடையில் இடம் அசையாமல் இருக்க மனிதர்கள் அசைகிறார்கள், திரையிலோ இடமே அசைகிறது என்ற அவருடைய கவனிப்பு, கதையை மட்டும் தேடுகிறவருக்கு எளிதில் தோன்றக் கூடியது அன்று.

ருடால்ஃப் ஆர்ன்ஹைம் இன்னும் ஒரு படி மேலே போனார். 1932-இல் ஜெர்மனியில் வெளிவந்த அவருடைய நூல், இயந்திரம் இருப்பதை இருந்தபடியே பிரதி எடுக்கிறது, இதில் கலை எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு எழுதிய பதில். பிரதி எடுப்பதில் காமிரா தோற்கிற இடங்களை எல்லாம் அவர் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார்: உலகத்துக்கு ஆழம் உண்டு, திரை தட்டையானது; உலகத்துக்கு விளிம்பு இல்லை, திரைக்கு நான்கு விளிம்புகள்; உலகத்தில் காலம் இடைவிடாமல் ஓடுகிறது, படத்தில் வெட்டுண்டு தாவுகிறது. இந்தக் குறைகள்தாம் கலைஞன் கைவைக்க இடம் தருகின்றன என்பது அவர் சித்தாந்தம். நிறமே இல்லாத கரிக்கட்டியால் சதையின் வெதுவெதுப்பைக் காட்ட முயன்று பார்த்த எந்த முதலாண்டு மாணவருக்கும் இந்தச் சித்தாந்தத்தை விளக்கவேண்டிய தேவையே இல்லை.

நம் நாட்டில் இதற்கு மிகச் சிறந்த உதாரணம் ராய்தான். 1940-இல் சாந்திநிகேதனத்துக் கலா பவனத்தில் ஓவிய மாணவராகச் சேர்ந்து, நந்தலால் போஸிடமும் வினோத் பிஹாரி முகர்ஜியிடமும் பயின்று, அஜந்தா, எல்லோரா முதலிய இடங்களுக்குச் சென்று பார்த்து, படிப்பு முடியுமுன்பே 1942-இல் வெளியேறிக் கல்கத்தாவில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் சித்திரம் வரையும் வேலைக்குப் போனவர் அவர். 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்தது 1955-இல். இடைப்பட்ட அந்தப் பதின்மூன்று வருஷங்களில் அவர் என்ன செய்தார் என்பதைக் கலை மாணவர்கள் கவனிக்கவேண்டும். படம் பார்த்தார், பார்த்ததை எழுதினார். கொட்டகை இருட்டில் குறிப்பெடுக்கப் பழகினார். ஒரு நாவல் படமாகப் போகிறது என்று கேள்விப்பட்டால் தாமே அதற்குத் திரைக்கதை எழுதி வைத்துக்கொண்டு, படம் வந்தபின் ஒப்பிட்டுப் பார்த்தார். 1947-இல் நண்பர்களோடு கல்கத்தா ஃபிலிம் சொஸைட்டியை நிறுவினார். 1948-இல் இந்தியப் படங்களின் குறைகளைப்பற்றி 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் கட்டுரை எழுதினார். விமரிசனம் எழுதியே அவர் இயக்குநர் ஆனார் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் எழுதியதால் அவருடைய கண் கெட்டுப்போகவில்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். தம் முதற் படத்துக்கு வழக்கமான முழுத் திரைக்கதை எழுதாமல், காட்சிகளை மசிச் சித்திரங்களாக வரைந்து வைத்துக்கொண்டே அவர் புறப்பட்டார்.

ஆகையால், முதலாண்டுக் கலை மாணவர் எப்படித் தொடங்குவது என்று கேட்டால், பேனாவை மூடிவைத்துவிட்டுப் பென்சிலை எடுக்கச் சொல்லுவேன். முதல் முறை படத்தை ஒரு குறிப்பும் எடுக்காமல் முழுவதும் பார்க்கவேண்டும். மனசில் எது தங்குகிறதோ அதுவே விஷயம். பிறகு அந்தத் தங்கிய காட்சியை மட்டும் எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் தீப்பெட்டி அளவில் ஒரு சதுரம் போட்டு அதற்குள் கோட்டுச் சித்திரமாக வரையவேண்டும். எத்தனை ஷாட்டுகள், எது எவ்வளவு நேரம் நிற்கிறது, காமிரா அசைகிறதா, ஒலி எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளவேண்டும். இரண்டு நிமிஷக் காட்சி ஒன்றை இப்படி வரைந்து முடித்தவர், அந்தக் காட்சியைப்பற்றி இருபது கட்டுரைகள் படித்தவரைக் காட்டிலும் அதிகம் அறிந்தவராவார்.

'பதேர் பாஞ்சாலி'யிலேயே ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மிட்டாய் வியாபாரி ஒருவர் கிராமத்து வழியே வருகிறார். தோளில் கம்பு; அதன் இரு முனைகளிலும் தொங்கும் பானைகள் நடைக்கேற்ப மேலும் கீழும் ஆடுகின்றன. வீட்டில் காசு இல்லை. ஆனாலும் சிறுமி துர்கா அவர் பின்னே போகிறாள், அவள் பின்னே தம்பி அப்பு, அவனுக்கும் பின்னே ஒரு நாய். இந்தச் சிறிய ஊர்வலத்தை நேரே காட்டுவதோடு நில்லாமல், குளத்து நீரில் தலைகீழாக நகர்ந்துபோகும் பிம்பமாகவும் ராய் காட்டுகிறார்.

"இக்காட்சி மிக அழகாகப் படமாக்கப்பட்டிருக்கிறது" என்று எழுதுகிற மாணவர் அதைப்பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "நால்வரும் ஒரே திசையில், ஒருவர் பின் ஒருவராக, திரையின் குறுக்கே போகிறார்கள், உயரம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வருகிறது, பின்னணி வாத்தியம் அந்த நடைக்குத் தாளம் போடுகிறது, நீரில் விழுந்த பிம்பத்தில் முகங்கள் தெரிவதில்லை, வரிசை மட்டும் தெரிகிறது" என்று எழுதுகிறவர் பாதி விமரிசனத்தை எழுதிவிட்டார். முகம் மறைந்து வரிசை மட்டும் எஞ்சுகிறபோது, ஏழைக் குழந்தைகளின் ஏக்கமாக இருந்த ஒன்று வெறும் ஆட்டமாக, களிப்பாக மாறிவிடுகிறது என்ற அர்த்தம் அந்த வர்ணனைக்குள்ளேயே முளைத்து நிற்கிறது. கண்ணுக்கெட்டியும் கைக்கு எட்டாதது என்பதற்கு நீர்ப் பிம்பம் ஓர் அடையாளம் என்று வேறொரு மாணவர் எழுதலாம். அப்படிப் பொருள் கொள்ளலாமா என்று ஆசிரியர் கேட்பார், கேட்கட்டும். திரையில் இருக்கிறதை முதலில் சரியாக வர்ணித்தவருக்கு அந்தக் கேள்வியைச் சந்திக்கும் யோக்கியதை உண்டு. வர்ணனையை அலட்சியம் செய்து அர்த்தத்துக்குத் தாவியவருக்கு அது இல்லை.

கண்ணைப் போலவே காதும் வேலை செய்யவேண்டும். ஓவிய மாணவர்கள் தவறுகிற இடம் பெரும்பாலும் இதுதான். அதே படத்தில், துர்கா இறந்தபின் ஊர் திரும்பும் தந்தை ஹரிஹரன், விஷயம் தெரியாமல், மகளுக்கு வாங்கிவந்த புடவையை எடுத்துக் கொடுக்கிறார். அடக்கி வைத்திருந்த துக்கம் தாய் சர்வஜயாவிடமிருந்து உடைத்துக்கொண்டு வருகிறது. அவளுடைய குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார்-ஷெனாய் என்ற வாத்தியத்தின் உச்ச ஸ்வரங்களே கேட்கின்றன. கல்லூரிக் கட்டுரைகளில் இக்காட்சியை "உள்ளத்தை உருக்குவது" என்று எழுதியிருப்பதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். குரல் கேட்கவில்லை என்று எழுதியவர்கள் மிகச் சிலர்.

படம் எடுக்கப்பட்ட வரலாற்றில் எவ்வளவு சொல்லலாம் என்பது அடுத்த சிக்கல். நாணல் பூத்த வெளியில் அக்காவும் தம்பியும் ரயிலைத் தேடி ஓடும் காட்சியை எடுக்க ராய் 1952 அக்டோபரில் ஒரு நாள் போனதும், அடுத்த வாரம் திரும்பிப் போனபோது பூக்களை எல்லாம் மாடுகள் மேய்ந்து தீர்த்திருந்ததும், மறு வருஷத்துப் பூவுக்காகக் காத்திருக்க நேர்ந்ததும் எல்லோரும் சுவைத்துச் சொல்லுகிற கதை. மாணவர் கட்டுரைகளில் அந்த மாடுகள் தவறாமல் மேய்கின்றன. சுவாரஸ்யமான செய்திதான், ஆனால் திரையில் உள்ள எந்தச் சட்டத்தையும் அது விளக்குவதில்லை. ராயின் அடுத்த படமான 'அபராஜிதோ'வைப் பற்றிய ஒரு தொழில் செய்தியோ வேறு ஜாதியைச் சேர்ந்தது. காசி நகரத்து வீடு ஒன்றின் முற்றத்தை ஸ்டூடியோவுக்குள்ளே கட்டியபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா, விளக்கை நடிகர்மேல் நேராகக் காட்டாமல், மேலே துணியை விரித்துக் கட்டி அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி, அது சிதறித் திரும்பி விழும்படி செய்தார். திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் மெல்லிய வெளிச்சத்தில் அழுத்தமான நிழல் விழாது. அந்த இயல்பை அவர் பொய்யாக உண்டாக்கினார். இந்தச் செய்தியை எழுதுகிற மாணவர் சட்டத்தில் தாம் கண்ட ஒன்றுக்குக் காரணம் சொல்லுகிறார். ஆகையால் இது கட்டுரைக்கு உரியது. மாடுகள் உரியவை அல்ல.

கோட்பாடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1920-இல் வெளிவந்த 'டாக்டர் காலிகாரியின் அறை' என்ற ஜெர்மானியப் படம் கலை மாணவர்களுக்கு விருந்து. ஹெர்மன் வார்ம், வால்டர் ரைமன், வால்டர் ரோரிக் என்ற மூவர் அதன் தெருக்களையும் வீடுகளையும் கோணல்மாணலாகத் தீட்டினார்கள். நிழல்களைக்கூட விளக்கால் விழச் செய்யாமல் தூரிகையாலேயே போட்டார்கள். இதைப் பார்த்துவிட்டு வருகிற மாணவர் அந்தத் தீட்டிய நிழலைப்பற்றி எழுதுவார் என்று எதிர்பார்த்தால், அவர் ஸீக்ஃப்ரீட் க்ரகௌவர் 1947-இல் எழுதிய நூலிலிருந்து, இத்தகைய படங்கள் ஹிட்லருக்குக் கட்டியம் கூறின என்ற முடிவை எடுத்து, அதையே தம் முடிவாக எழுதிக் கொடுக்கிறார். க்ரகௌவர் அந்த முடிவுக்கு வர ஒரு தலைமுறைப் படங்களை ஆராய்ந்தார். அதை ஏற்காதவர்களும் அநேகர். அவ்வாறே, சினிமாவில் பெண் பார்க்கப்படுகிற பொருளாகவே வைக்கப்படுகிறாள் என்று லாரா மல்வி 1975-இல் எழுதிய கட்டுரையும் எல்லாப் படத்துக்கும் எடுத்து வீசப்படுகிறது. நம் பாட்டுக் காட்சிகள் பலவற்றில் காமிரா கதாநாயகியின் பாதத்தில் ஆரம்பித்து மேலே ஏறுவதைக் கண்டு, எந்த ஷாட்டில், யாருடைய பார்வையாக அது ஏறுகிறது என்று ஆராய்கிற மாணவருக்கு மல்வி மெய்யாகவே துணை செய்வார். பெயரை மட்டும் உச்சரிக்கிறவருக்குச் செய்யமாட்டார். முதலாண்டு மாணவரிடம் கோட்பாட்டைக் கட்டாயமாகக் கேட்கும் ஆசிரியர்கள், பார்ப்பதற்கு முன்பே நம்பும்படி அவரைப் பழக்குகிறார்கள் என்பது என் தாழ்மையான கருத்து.

தமிழ் மாணவருக்கு இதில் ஒரு பிரத்தியேகமான இடைஞ்சல் உண்டு. நம் சினிமா நாடக மேடையிலிருந்து பாட்டையும் வசனத்தையும் சீதனமாகக் கொண்டுவந்தது. நம் விமரிசனமும் அவ்விரண்டையுமே நெடுங்காலம் எடைபோட்டது. 1952-இல் வெளிவந்த 'பராசக்தி'யைப் பற்றிப் பேசி, அதன் வசனத்தை ஒப்பிக்கத் தெரிந்தவர்களில் பத்தில் ஒருவராவது அதன் ஒரு ஷாட்டை வர்ணிப்பாரா என்பது சந்தேகமே. தியடோர் பாஸ்கரன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சொல் மோகத்தைச் சுட்டிக்காட்டி வந்திருக்கிறார்கள். கலை மாணவர் எழுதப் புகும்போது, தமக்கு முன்னே தமிழில் நடந்து சென்றவர்களின் தடம் அதிகம் இல்லை என்று காண்கிறார்.

ஆனால் படங்கள் இல்லாமல் இல்லை. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்', தமிழ்ப் படத்துக்குப் பாட்டு மூச்சு என்று கருதப்பட்ட காலத்தில் ஒரு பாட்டும் இல்லாமல் வந்தது. ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட 1943-ஆம் ஆண்டில் நடந்த ஒரு கொலையை, சந்தேகத்துக்கு உரிய ஒவ்வொருவர் வாயிலாகவும் திரும்பத் திரும்பச் சொல்லுகிற படம் அது. பாட்டு விலகிய இடத்தை வெளிச்சமும் நிழலும் நிரப்பிக்கொள்வதை எந்த மாணவரும் வரைந்து பார்க்கலாம். 1987-இல் வந்த 'நாயக'னில், தோட்டா தரணி சென்னையில் தாராவியைக் கட்டி எழுப்பியதற்கும், பி.சி. ஸ்ரீராம் அதற்கு ஒளியூட்டியதற்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. கட்டிய தெருவுக்கும் இருக்கிற தெருவுக்கும் என்ன வித்தியாசம், இயக்குநருக்கு ஏன் கட்டிய தெரு வேண்டியிருந்தது என்ற ஒரு கேள்வியே முதலாண்டுக் கட்டுரைக்குப் போதுமான விஷயம்.

எஞ்சியவை சில்லறை விதிகள். படத்தின் பெயர் முதலில் வருமிடத்தில் இயக்குநரையும் ஆண்டையும் குறிப்பிடுவது. திரையில் நடப்பதை நிகழ்காலத்தில் எழுதுவது. பிறர் கருத்தை எடுத்தால் யாருடையது என்று சொல்லுவது. கதைச் சுருக்கத்தை நாலு வரிக்குமேல் போகவிடாமல் இருப்பது. 'அற்புதம்', 'பிரமாதம்' போன்ற சொற்களை நண்பர்களோடு பேசுவதற்கென்று ஒதுக்கி வைப்பது. ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளக் கூடியவை இவை.

ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்ள ஒரே ஒரு விண்ணப்பம் இருக்கிறது. மாணவர் தம் கட்டுரையோடு தாம் வரைந்த அந்தச் சிறு சதுரங்களையும் இணைத்துக் கொடுக்க அனுமதியுங்கள். அவற்றுக்கும் மதிப்பெண் இடுங்கள். விருப்பமுள்ளவர் தமிழில் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் திணறிப் பிறர் வாக்கியங்களை ஒட்டவைக்கிற பிள்ளைகள் பலர், தாம் கண்டதைத் தமிழில் தெளிவாகச் சொல்ல வல்லவர்கள்.